சொந்த ஊரில் இரண்டு நாள் விருந்தாளி

சுவிட்சர்லாந்தின் ஓர் ஏரிக்கரையில் இருக்கும் எங்கள் நகரத்தில் இரண்டு வகை மனிதர்கள் நடமாடுகிறார்கள் என்பதை நகராட்சி நீண்ட ஆய்வுக்குப் பிறகு கண்டுபிடித்தது. முதல் வகையினர் வெள்ளிக்கிழமை வந்து ஞாயிற்றுக்கிழமை போய்விடுகிறார்கள். இரண்டாம் வகையினர் போவதே இல்லை. முதல் வகையினர் எதைப் பார்த்தாலும் 'ஆகா' என்கிறார்கள். இரண்டாம் வகையினர் பெஞ்சில் உட்கார்ந்து குறை சொல்வதோடு, முதல் வகையினர் எடுக்கும் படங்களில் குறுக்கே வேறு வந்து நிற்கிறார்கள்.

ஆகவே, நகரத்தின் நற்பெயரைக் கருத்தில் கொண்டு, குறுகிய தங்கல் விருந்தினர் மகிழ்ச்சி மேம்பாட்டு அலுவலகம் ஓர் ஆணை பிறப்பித்தது. வார இறுதிகளில் ஏரியின் பழைய மரக் குளியல்துறைக்குள் விருந்தினர் அட்டை உள்ளவர்களுக்கு மட்டுமே அனுமதி. அட்டை வேண்டுமானால் ஹோட்டலில் ஓர் இரவாவது தங்க வேண்டும்.

ஆணை என் மாடிவீட்டு ரெகுலாவின் தலையில் இடியாக விழுந்தது. ரெகுலா டிராம் ஓட்டி ஓய்வு பெற்றவர். காலையில் ஏரியில் நீந்திக் கரையேறும் வரை அவரிடம் யாரும் பேச்சுக் கொடுக்க முடியாது. கணவர் ரூடி முயன்று பார்த்து விட்டுவிட்டார். குளியல்துறையின் மரச்சுவரில், ஜன்னலோரக் கொக்கி ரெகுலாவுடையது. அதில் பெயர் எழுதியிருக்கவில்லை. ஆனால் வேறு யாரும் அதில் துண்டு மாட்டியதும் இல்லை. எங்கள் ஊரில் சொத்துரிமை அப்படித்தான் இயங்குகிறது.

நியாயம் கேட்க ரெகுலா அலுவலகத்துக்குப் போனார். துணைக்கு நானும் போனேன். அதிகாரி ஸ்டுக்கி தாடியும் விலை உயர்ந்த கிழிந்த கால்சட்டையுமாக எங்களை வரவேற்றார்.

"நான் இதே ஊர்ல பொறந்தவ," என்றார் ரெகுலா.

"அதாம்மா சிக்கல். வந்தவங்களைத்தான் நாங்க வரவேற்க முடியும். நீங்க வரவே இல்லையே."

"அதே தண்ணி. அதே ஏணி. நான் எறங்குனா என்ன?"

"தண்ணி அதேதான், அனுபவம் வேற. இப்பல்லாம் யாரும் ஊர் பாக்க வர்றதில்லம்மா, அனுபவிக்க வர்றாங்க. அந்தத் தண்ணில கால வச்சதும் அவங்களுக்கு ஒரு பிரமிப்பு வருது. உங்களுக்கு என்ன வருது?"

ரெகுலா நேர்மையான பெண்மணி. யோசித்துவிட்டு, "குளிருது" என்றார்.

"பாத்தீங்களா," என்றார் ஸ்டுக்கி, மிகுந்த அனுதாபத்தோடு.

திரும்பி வரும் வழியில் நான் ஒரு யோசனை சொன்னேன். "பக்கத்துப் புல்வெளியில இருந்து அப்படியே எறங்கிடுங்களேன். யாரு கேக்கப் போறா?"

ரெகுலா நின்றுவிட்டார். "அங்க எறங்கலாம்னு பலகை வச்சிருக்கா?"

"எறங்கக் கூடாதுன்னும் இல்லையே."

"ரெண்டும் இல்லாத எடத்துல மனுஷன் எப்படிய்யா கால வைப்பான்?"

தமிழ்நாட்டிலிருந்து வந்து இத்தனை காலம் ஆகியும் எனக்கு இந்த ஊர்ப் புத்தி முழுசாக வரவில்லை. அன்று மாலையே ரெகுலா எங்கள் வீட்டுக்கு எதிரே இருக்கும் ஹோட்டலில் வார இறுதிக்கு அறை பதிவு செய்துவிட்டார். வெள்ளிக்கிழமை தம்பதியர் சக்கரப் பெட்டியை உருட்டிக்கொண்டு தெருவைக் கடந்தார்கள். பயணம் சுகமாக இருந்தது. நானும் போனேன், அடுத்த அறைக்கு. எங்கள் தெருவே வந்திருந்தது. என் பால்கனிச் செடி தண்ணீரில்லாமல் வாடுவதை நான் ஹோட்டல் ஜன்னலிலிருந்து பார்த்து வருத்தப்பட்டேன்.

சனிக்கிழமை காலை ரெகுலா கழுத்தில் அட்டையோடு குளியல்துறைக்குள் நுழைந்து, தன் கொக்கியில் துண்டை மாட்டி, ஏரியில் குதித்தார். மேலே வந்ததும் "ஆகா" என்றார். அவருக்கே தூக்கிவாரிப் போட்டது. "குளிரவே இல்ல" என்று சிரித்துக்கொண்டு மறுபடி குதித்தார். அவரை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததே இல்லை.

ரூடிக்கு இன்னும் முற்றிவிட்டது. ஓலைத்தொப்பி வாங்கினார். அன்னத்தைப் படம் எடுத்தார். சைக்கிள் பாதையின் நடுவில் நின்று, வாழ்நாளெல்லாம் தான் சீட்டுக் கிழித்த ரயில் நிலையத்துக்கு வழி கேட்டார்.

"ஏன் ரூடி, உனக்குத் தெரியாதா?" என்றார் ரெகுலா.

"தெரியும். ஆனா யாராவது சொல்லிக் கேட்டா நல்லாருக்கு."

ஹோட்டலெல்லாம் ஊர்க்காரர்களால் நிரம்பிவிட்டதால், உண்மையான விருந்தினர்களுக்கு அறை இல்லை. ஸ்டுக்கி அசரவில்லை. 'உள்ளூர்வாசியாகவே வாழ்ந்து பாருங்கள்' என்ற புதுமைத் திட்டத்தின் கீழ், எங்கள் காலி வீடுகளில் அவர்களைக் குடிவைத்தார். ரெகுலா வீட்டுக்கு வந்தவர்கள் கோயம்புத்தூரில் மோட்டார் பம்ப் தயாரிக்கும் நாச்சிமுத்துவும் அவர் மனைவி தெய்வானையும். ஹோட்டலில் தங்காததால் அவர்களுக்கு அட்டை கிடையாது. அட்டை இல்லாததால் ஏரியும் கிடையாது. செய்வதற்கு வேறொன்றும் இல்லாமல், ரெகுலா சமையலறையில் ஒட்டிவைத்திருந்த வீட்டு விதிகளைப் படித்தார்கள். பழைய செய்தித்தாளைச் சதுரமாக அடுக்கி நூலால் கட்ட வேண்டும். துணி துவைக்கும் அறையை நம் முறை வந்தால்தான் திறக்க வேண்டும். இரவு பத்துக்கு மேலும் ஞாயிற்றுக்கிழமை முழுவதும் சத்தம் கூடாது.

மத்தியானத்துக்குள் நாச்சிமுத்து செய்தித்தாளைக் கட்டி முடித்தார். கட்டு எங்களுடையதைவிட நேராக இருந்தது. சாயங்காலம் பால்கனியில் கையைக் கட்டிக்கொண்டு நின்று, தெருவை முறைத்துப் பார்த்தார். இங்கே அந்தப் பார்வை வர எனக்கு ஆறேழு வருஷம் பிடித்தது.

அன்றிரவு ஹோட்டல் மொட்டைமாடியில் எங்கள் தெரு முழுவதும் கூடி, உருகிய சீஸில் ரொட்டியைத் தோய்த்துத் தின்றது. யாரோ அக்கார்டியன் வாசித்தார்கள். ரூடி மேசைமேல் ஏறிப் பாடினார். மணி பத்தைத் தாண்டியது எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. எங்கள் ஊர் சரித்திரத்தில் அப்படி நடந்ததில்லை.

ஞாயிறு காலை அறையைக் காலி செய்துவிட்டு, கடைசியாக ஒரு முழுக்குப் போடப் பெட்டிகளோடு போனோம். குளியல்துறை வாசலில் ஸ்டுக்கியே நின்றிருந்தார்.

"மன்னிக்கணும்மா. விருந்தினர் கூச்சல் தாங்கலன்னு புகார் வந்திருக்கு. உள்ளூர் மக்களோட மன அமைதிக்காக, இன்னையில இருந்து இங்க உள்ளூர்க்காரங்களுக்கு மட்டுந்தான் அனுமதி."

ரெகுலாவின் முகம் மலர்ந்தது. "அதைத்தானே நானும் மொதல்லயே கேட்டேன். வழி விடுங்க."

"கழுத்துல விருந்தினர் அட்டை தொங்குதேம்மா."

"அட, என் வீடு அந்தா தெரியுது."

"அந்த வீட்டுல குடியிருக்கறவர்தான் புகார் கொடுத்தவர்."

ரெகுலா எட்டி உள்ளே பார்த்தார். ஜன்னலோரக் கொக்கியில் பச்சைக்கரை போட்ட ஈரிழைத் துண்டு ஒன்று சொட்டிக்கொண்டிருந்தது. நாச்சிமுத்து தலையைத் துவட்டியபடி மரப்படியேறி வந்தார்.

"குளிருதா?" என்றார் ரெகுலா.

"குளிரத்தானுங்க செய்யும், ஏரித்தண்ணி," என்றார் நாச்சிமுத்து, சலிப்பாக. பிறகு அட்டையைப் பார்த்தார். "எத்தன நாளைக்குங்க வந்திருக்கீங்க?"

"ரெண்டு நாளைக்கு."

"ஊரு அருமையான ஊருங்க. தப்பா எடுத்துக்காதீங்க, இந்த டூரிஸ்டுங்க தொல்லதான் தாங்க முடியல."

ரெகுலா வாயைத் திறந்தார். மறுப்பார் என்றுதான் நான் நினைத்தேன். "ஆமாங்க," என்றார் ரெகுலா. "நானும் எத்தனையோ வருஷமா அதையேதான் சொல்றேன்."

ரூடி பெட்டியின் கைப்பிடியை இழுத்தார். சக்கரம் கல்லில் ஒருமுறை கடகடத்தது. நாச்சிமுத்து உதட்டில் விரல் வைத்து, "இன்னைக்கு ஞாயித்துக்கிழமைங்க" என்றார். ரெகுலாவும் ரூடியும் வெட்கத்தோடு தலையாட்டிவிட்டு, ஆளுக்கொரு பக்கம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயில் நிலையத்தை நோக்கி நடந்தார்கள். நானும் என் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டேன்.