கருத்துப் பெட்டியில் மச்சானுக்கு எந்த இடம்

படுவான்கரை,
ஆடி மாதம், சனிக்கிழமை.

அன்பின் மகன் டிலக்சனுக்கு, பெரியப்பா கனகசிங்கம் எழுதிக்கொள்வது. இங்கு நானும் பெரியம்மா இரத்தினம்மாவும் உன் தங்கச்சி தனுஷியாவும் பிள்ளையார் புண்ணியத்தில் உடம்பளவில் சுகம். அங்கு சுவிசில் நீயும் குடும்பமும் அதைவிடச் சுகமாக இருக்கவேண்டும். இதை ஏன் வட்ஸப்பில் அனுப்பாமல் கடதாசியில் எழுதுகிறேன் என்று கேட்பாய். வட்ஸப்பில் எதை எழுதினாலும் நீ ஒரு கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போய்விடுகிறாய். கடதாசிக்கு அப்படிக் காட்ட வழியில்லை.

போன வருடம் லீவில் வந்தபோது நம்முடைய பிள்ளையார் கோயிலுக்கென்று ஒரு வெப்சைட் செய்து, "பெரியப்பா, நீங்க அரசாங்கக் கச்சேரியில முப்பது வருசம் பைல் பாத்த ஆள், இது உங்களுக்குச் சின்ன வேலை" என்று சொல்லி, பாஸ்வேர்டை என் கையில் தந்துவிட்டுப் பிளேன் ஏறினாய். முப்பது வருடமும் எந்தப் பைலும் என்னோடு கோபித்துக்கொண்டதில்லை மகன். போன மாதம் திருவிழா அறிவித்தல் போட்டேன். அதன் அடியில் ஆட்கள் கருத்து எழுதுவதற்கு நீ ஒரு பெட்டி வைத்திருந்தாய் அல்லவா, என் சீவியத்தைக் கெடுத்தது அந்தப் பெட்டிதான்.

முதலில் எழுதியவர் தலைவர் வண்ணக்கர். கோயிலை நடத்துகிறவர், அவர்தான் முதலில் எழுதவேண்டும், எழுதினார். ஆனால் நீ தந்த 'தீம்' என்கிற வெப்சைட் அமைப்பில் கடைசியாக எழுதுகிறவன்தான் உச்சியில் நிற்பான். ஐந்தே நாளில் வண்ணக்கர் அடிமட்டத்துக்குப் போய்விட்டார். நம் கோயில் முறை உனக்குத் தெரியும். பூசை முடிந்தால் தாய்வழி வம்சம் பார்த்து, குடி குடியாகப் பேர் கூப்பிட்டுத்தான் பிரசாதம் கொடுப்பது. ஒரு முறை தப்பினால் அந்தக் குடியைச் சேர்ந்தவன் அடுத்த திருவிழா வரைக்கும் வாசலை மிதிக்கமாட்டான். வண்ணக்கர் வீட்டுக்கே வந்துவிட்டார். "கனகசிங்கம், எனக்கு மேல ஒம்பது பேர் நிக்கிறானுகள். அதில ரெண்டு பேருக்குப் பேர் வெச்சதே நான்" என்றார்.

சரி என்று செற்றிங்குக்குள் போய், பழையது முதலில் வரும்படி மாற்றினேன். மாற்றினால், கட்டாரில் இருக்கிற ரதீஸ் என்பவன் உச்சிக்கு வந்துவிட்டான். வண்ணக்கர் எழுதுவதற்கு நாலு நிமிடம் முந்தி அவன் 'சூப்பர்' என்று எழுதியிருக்கிறான், எனக்குத் தெரியாது. அவனை அழித்தேன். அரை மணித்தியாலத்தில் அவனுடைய தாய் வந்து, என் பிள்ளை பாலைவனத்தில் கிடந்து பிள்ளையாரை நினைத்து எழுதினதை அழித்துவிட்டீர்களே என்று கண்ணீர் விட்டாள். திருப்பிப் போட்டேன். மறுகா யோசித்து, திகதியை மாற்றலாம் என்று கண்டுபிடித்து, ஒவ்வொருவருடைய திகதியையும் குடிமுறைப்படி திருத்தினேன். அதன்படி வண்ணக்கர் அறிவித்தல் வெளிவருவதற்கு மூன்று நாள் முன்பே அதை வாழ்த்தியிருக்கிறார். அவருக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை.

இதோடு முடிந்திருந்தால் இந்தக் கடிதமே இல்லை. பெரியம்மாவின் அண்ணன், வெல்லாவெளி சாமித்தம்பி மச்சான், அவரும் என்னவோ நீளமாக எழுதியிருந்தார். ஆனால் பெட்டிக்குள் எழுதாமல், ரதீசின் 'சூப்பர்' என்பதற்குக் கீழே இருந்த 'பதில்' என்ற பொத்தானை அமத்தி எழுதியிருக்கிறார். அதனால் அவர் ரதீசுக்குக் கீழே, கொஞ்சம் உள்ளே தள்ளி நிற்கிறார். இடையில் வேறு நாலு பேர் ஒருவருக்கொருவர் பதில் போட, அதற்குள் மச்சான் இன்னும் உள்ளே போய், போனில் பார்த்தால் ஒரு வரிக்கு இரண்டே எழுத்து. பெரியம்மா போனைப் பார்த்துவிட்டு, "எங்கட அண்ணனை ஒரு மூலைக்குள்ள ஒதுக்கி வெச்சிருக்கிறீங்க. அதுவும் அந்தப் பொடியனுக்குக் கீழ" என்றாள். அன்றையிலிருந்து மச்சான் போனை எடுக்கிறார் இல்லை. மூன்று கிழமையாகிறது. ஆவணியில் தங்கச்சியின் கலியாணம். தாய்மாமன் இல்லாமல் என்ன கலியாணம் என்று நீயே சொல்லு. "அண்ணன் வராட்டி நானும் பந்தலுக்குள்ள வரமாட்டன்" என்று பெரியம்மா சொல்லிவிட்டாள். சொன்னால் செய்கிற ஆள்.

ஓடம் ஏறி, பஸ் பிடித்து, காத்தான்குடியில் கம்பியூட்டர் கடை வைத்திருக்கிற றிஸ்லானிடம் போனேன். நல்ல மனுசன். பதில் பொத்தானையே எடுத்துவிட்டார். எல்லோரும் ஒரே நேர்கோட்டில் வந்தார்கள். பிறகு, மேல் கீழ் என்ற பேச்சே வேண்டாம் என்று கருத்துகளை அருகருகே இரண்டு நிரையாக்கித் தந்தார். மச்சானின் பெயரை மட்டும் கொஞ்சம் தடிப்பாக்கச் சொன்னேன். வீட்டுக் கம்பியூட்டரில் பார்க்கப் பந்தியில் இருத்தின மாதிரி அவ்வளவு அழகு. ஆனால் ஊரில் கம்பியூட்டர் இருப்பது என்னிடம் மட்டும்தான். எல்லோரும் போனில் பார்க்கிறார்கள், போனில் அந்த இரண்டு நிரையும் ஒன்றாகிப் பழையபடி ஒருவருக்குக் கீழ் ஒருவர். அடுத்த நாள் ஏதோ அப்டேட் என்று கேட்டது, ஓம் என்று அமத்தினேன். நிரையும் போச்சு, தடிப்பும் போச்சு. றிஸ்லானிடம் போன் பண்ணினால், அண்ணன் முறை சொல்லி, "காக்கா, தீமுக்குள்ள நேரடியாக் கை வெச்சது என்ட பிழைதான்" என்கிறார். அவரிடம் கோபிக்கவும் எனக்குத் தெம்பில்லை.

களைச்சுப் போனன் மகன். எழுபது வயதில் எனக்கு இது தேவையா? அந்தக் கருத்துப் பெட்டியை அடியோடு எடுத்துவிடு. அறிவித்தல் மட்டும் இருக்கட்டும். யாரும் எதையும் எழுதவேண்டாம். அது போனால் மச்சானின் கோபமும் போகும், கலியாணமும் ஒப்பேறும்.

மற்றப்படி விசேடம் இல்லை. பேரப்பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். நீ நீடூழி வாழவும், உனக்கு ஒருக்காலும் கோயில் நிர்வாகத்தில் பதவி கிடையாதிருக்கவும் பிள்ளையாரை வேண்டி நிற்கும்,
பெரியப்பா கனகசிங்கம்.

பி.கு: மேலே எழுதியதை விடு. பெட்டியை எடுக்காதே. மச்சானின் கருத்து எப்படி உடைந்து கிடந்தது என்று உனக்குக் காட்ட அதை அப்படியே கையால் எழுதி அனுப்பலாம் என்று கம்பியூட்டர் முன் இருந்தேன். எழுதத் தொடங்கின பிறகுதான் அதை வாசிக்கிறேன் மகன். மூன்று கிழமையாக மேலே தூக்கினேன், கீழே இறக்கினேன், தடிப்பாக்கினேன், ஒரு தரமும் வாசிக்கவில்லை. இதுதான் அது: "மச்சான், என்ட போன் வட்டை வயலுக்குள்ள விழுந்து, தண்ணி போய்ப் பழுதாப் பெயித்து. யானைக் காவலுக்கு வயலிலதான் நிக்கிறன். பக்கத்துக் காவல் வாடிக்காரர்ர போனில இதைக் கண்டன், இது நீங்க நடத்துற இடமாமே, இஞ்ச எழுதினா உங்களுக்குக் கிடைக்கும்தானே. பிள்ளைக்குப் பந்தல் கால் நடுறது எப்ப? முதல் கால் நான்தான் நடவேணும். திகதியச் சொல்லுங்க, காவலுக்கு ஆளை விட்டுட்டு வாறன்."

அதற்குக் கீழே பத்து நாள் கழித்து இன்னொன்று: "மச்சான், பதில் இல்லையே. நான் வரத் தேவையில்லையோ?" அதைத்தான் நான் குடிமுறைப்படி ஏழாவது இடத்தில் வைத்திருந்தேன்.

உடனே பதில் எழுதப் போனேன். பதில் பொத்தானை நான்தான் எடுப்பித்துவிட்டேனே. பெரியம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவள் செருப்பைப் போட்டுக்கொண்டு மோட்டார் சைக்கிளுக்குப் பக்கத்தில் போய் நிற்கிறாள். வெல்லாவெளிக்குப் போறம்.