நிறுத்தும் அதிகாரம்

அந்தக் கேளிக்கைப் பூங்காவின் ராட்சத ராட்டினத்தைப் பத்தொன்பது வருஷமாக ஒரே ஆள்தான் ஓட்டிவந்தார். பச்சைப் பொத்தானை அமுக்கினால் சுற்றும். சிவப்பை அமுக்கினால் நிற்கும். இரண்டையும் ஒருவரே அமுக்கிவருகிறார் என்ற விவரம் நிர்வாகத்துக்குத் தெரியவந்தபோது மேலிடத்தில் பெரும் கவலை உண்டாயிற்று.

உடனே ஓர் அதிகாரி நியமிக்கப்பட்டார். அவர் மூன்று மாதம் கதவைச் சாத்திக்கொண்டு சிந்தித்து, ‘பணியாளர் தகுதிநிலை வண்ண ஒழுங்கமைப்புத் திட்டம்’ என்பதை வெளியிட்டார். வெள்ளையில் தொடங்கி மஞ்சள், ஆரஞ்சு, நீலம், ஊதா, வெள்ளி என்று ஏறித் தங்கத்தில் முடியும் ஏழு பேட்ஜுகள். தங்கத்தில் ஒன்றே ஒன்றுதான் செய்தார்கள். அது யார் சட்டையில் ஏறியது என்று சொல்ல வேண்டியதில்லை.

ராட்டினக்காரருக்கு மஞ்சள் கிடைத்தது. பதவியின் பெயர், சுழற்சித் தொடக்க உதவியாளர்.

“அப்ப நிறுத்தறது யாரு ஐயா?” என்று கேட்டார்.

“தொடங்கறது வேலை. நிறுத்தறது முடிவு. முடிவெடுக்க ஊதா வேணும். ஊதாவுக்கு ரெண்டு நாள் பயிற்சிக்கு வந்திருக்கணும்.”

“அந்த ரெண்டு நாளும் ராட்டினம் ஓட்டிக்கிட்டிருந்தேன் ஐயா.”

“பாத்தீங்களா? இப்படி வேலை வேலைன்னே இருந்தா எப்படி முன்னுக்கு வருவீங்க?” என்று அதிகாரி வருத்தப்பட்டார். உண்மையாகவே வருத்தப்பட்டார்.

பயிற்சிக்குப் போயிருந்தவர் ராட்டினக்காரரின் மச்சினர், மனைவியின் தம்பி. அவர் அதே பூங்காவில் பஞ்சுமிட்டாய் விற்பவர். மிஷின் பழுதாகிக் கிடந்ததால், மின்விசிறிக்குக் கீழே நாற்காலி கிடைக்கிறதே என்று போய் உட்கார்ந்தார். வெளியே வரும்போது சுழற்சி நிறைவு அலுவலராக வந்தார்.

வீட்டில் அன்று முதல் சோறு தம்பிக்கே முதலில் பரிமாறப்பட்டது. “ஊதா என்னமா எடுப்பா இருக்கு!” என்றாள் ராட்டினக்காரரின் மனைவி. பிறகு கணவரின் சட்டையைப் பார்த்தாள். “உங்களுது ஏங்க, சலவையில வெளுத்த மாதிரி இருக்கு?”

மச்சினர் நல்ல மனிதர். சிவப்புப் பொத்தானைப் பார்த்தாலே அவருக்குப் பயம். “மாமா, நீங்களே அமுக்கிடுங்களேன்” என்று கெஞ்சினார். அது விதிமீறல். கடைசியில் மச்சினர் விரலை நீட்டுவது, ராட்டினக்காரர் அந்த விரலைப் பிடித்துப் பொத்தானில் அமுக்குவது என்று ஏற்பாடாயிற்று. விரல் ஊதா, அழுத்தம் மஞ்சள். நாலு மாதம் சட்டத்துக்கு ஒரு குறையும் வரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தர ஆய்வுக்காக அதிகாரியே ராட்டினத்தில் ஏறினார். மற்ற பெட்டிகளில் எல்லாம் குடும்பம் குடும்பமாக ஜனங்கள். பச்சைப் பொத்தானை அமுக்கியாயிற்று. அந்த நேரம் பார்த்து மச்சினரின் பேட்ஜ் ஊசி உடைந்தது. பேட்ஜ் நெஞ்சில் இல்லையென்றால் பதவியும் இல்லை. ஸ்டோருக்கு ஓடினார். ஊசி கொடுக்க அதிகாரி கையெழுத்து வேண்டும் என்றார்கள். அவர் அதிகாரியின் அறை வாசலில் போய் உட்கார்ந்துவிட்டார்.

நாலாவது சுற்றில் அச்சு கிறீச்சிட்டது. பேரிங்கில் எண்ணெய் வற்றிவிட்டது என்று ராட்டினக்காரரின் காதுக்கு உடனே தெரிந்தது. அடுத்த சுற்றில் புகை நாற்றம் வந்தது. பெட்டிகளில் அலறல் கிளம்பியது.

“நிறுத்துய்யா!” என்று கத்திக்கொண்டே அதிகாரி மேலே போனார்.

அவர் சுற்றி வரும்வரை ராட்டினக்காரர் காத்திருந்தார். “ஐயா, நான் மஞ்சள்.”

“ஊதா எங்கே?” மேலே போனார். வந்தார்.

“உங்க கையெழுத்துக்காக உங்க ரூம் வாசல்ல உக்காந்திருக்கார் ஐயா.”

மறுசுற்றில் தங்க பேட்ஜ் பறந்து வந்து விழுந்தது. “அதைக் குத்திக்கிட்டு நிறுத்து!”

ராட்டினக்காரர் குத்திக்கொண்டார். சந்தேகம் வந்து விதிப்புத்தகத்தைப் புரட்டினார். “ஐயா, தங்கம் எந்த இயந்திரத்தையும் தொடக் கூடாதாம். விதி இருபத்திரண்டு.”

“எந்த முட்டாள்யா எழுதினான்?” என்ற குரல் உச்சியிலிருந்து கேட்டது.

“கீழே உங்க கையெழுத்துதான் இருக்கு ஐயா” என்றார், அவருடைய பெட்டி கீழே வந்த பிறகு, பணிவாக.

அடுத்து வந்த பெட்டியில் ஒரு சின்னப் பெண் அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்தாள். அவள் கத்தவில்லை. “மாமா, போதும்” என்று மட்டும் சொன்னாள்.

ராட்டினக்காரர் தங்கத்தைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். மஞ்சளையும் கழற்றிப் பக்கத்தில் வைத்தார். பிறகு சிவப்பை அமுக்கினார். ராட்டினம் நின்றது. பெட்டி பெட்டியாகக் கீழே கொண்டுவந்து எல்லாரையும் கைபிடித்து இறக்கிவிட்டார். கடைசி ஆள் இறங்கியதும் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

விசாரணை பதினொரு நாள் நடந்தது. அறிக்கை தெளிவாக இருந்தது: பேட்ஜ் இல்லாதவர் நிறுத்தியது நிறுத்தியதாகாது. ஆனால் ராட்டினம் நின்றிருக்கிறது. நிறுத்தும் அதிகாரம் ஊதாவுக்கே உண்டு. ஆகவே நிறுத்தியவர் ஊதா. அவர் அப்போது அதிகாரி அறை வாசலில் இருந்தது, தொலைவிலிருந்தும் கடமையாற்றும் அவரது திறமைக்குச் சான்று.

உயிர் தப்பிய பயணிகளும் ஒரு நன்றிக் கடிதம் எழுதி வந்திருந்தார்கள். யார் பெயருக்கு அனுப்புவது என்று விசாரித்தபோது மஞ்சள் என்று தெரிந்தது. “நாங்க உயர்வகுப்பு டிக்கெட்டுங்க. எங்களைக் காப்பாத்தினது மஞ்சள்னு வெளியில சொல்லிக்க முடியுமா?” என்று கேட்டு, கடிதத்தை ஊதாவுக்கு மாற்றிக் கொடுத்தார்கள்.

பாராட்டு விழாவில் மச்சினருக்கு வெள்ளி பேட்ஜ். மேடையேறும் முன் அவர் ராட்டினக்காரரின் காதருகே வந்தார். “மாமா, மனசு கேக்கல. உண்மையைச் சொல்லிடட்டுமா?”

முன்வரிசையில் மனைவி கண்ணைத் துடைத்தபடி கைதட்டிக்கொண்டிருந்தாள். “பேசாம போய் வாங்கிக்கடா” என்றார் ராட்டினக்காரர்.

விசாரணையில் வாயைத் திறக்காமல் ஒத்துழைத்ததற்காக அவரையும் கூப்பிட்டு ஆரஞ்சு குத்திவிட்டார்கள். அவர் குனிந்து பார்த்தார். வெளுப்பே இல்லை, பளிச்சென்று இருந்தது.

கீழே இறங்கியபோது, குப்பை கூட்டும் அம்மாள் துடைப்பத்தோடு வழியில் நின்றாள். “ஏம்பா, நான் அங்கேதான் நின்னு பாத்துக்கிட்டிருந்தேன். நீதானே நிறுத்தினே?”

ராட்டினக்காரர் அவளுடைய முகத்தைப் பார்க்கவில்லை. நெஞ்சைப் பார்த்தார். வெள்ளை.

“அம்மா, ஆரஞ்சைக் கேள்வி கேக்கணும்னா முதல்ல மஞ்சள் வழியா எழுதிக் கொடுக்கணும்” என்றார்.