பிரிவு உபசார விழாவில் மைனா அழுதது

ஒரு காட்டில், ஃப்ளெக்ஸ் பேனர் கட்டாத மரம் ஒன்றுகூட மிச்சமில்லாத காட்டில், பூங்கோதை என்று ஒரு மைனா இருந்தது. சிங்கராஜாவின் அலுவலகத்தில் அதற்கு வாசகம் எழுதும் வேலை. 'கானகத்தின் கலங்கரை விளக்கமே' என்று எங்கேயாவது கண்ணில் பட்டால் அது பூங்கோதை எழுதியது. காதுகுத்துக்கும் அதுதான், கருமாதிக்கும் அதுதான். மாசம் பிறந்தால் சம்பளம், தீபாவளிக்கு போனஸ். குறை ஒன்றுமில்லை. எழுதிய பொய்யெல்லாம் அவ்வப்போது தொண்டையில் வந்து அடைக்கும், அவ்வளவுதான்.

ஒருநாள் பூங்கோதை வேலையை விடுவது என்று முடிவு செய்தது. ஊர் ஊராகப் பறந்து போய்ச் சொந்தமாகக் கதை கட்டிப் பாட வேண்டும். மனசு முழுக்க ஆசை, வயிறு முழுக்கப் பயம். யாராவது ஒருத்தர் "போ, உன்னால முடியும்" என்று சொன்னால் போதும் என்று அலைந்தது.

சொல்வார்களா? மேலாளர் கரடி, "பாட்டா? சோத்துக்கு என்ன பண்ணுவே?" என்றது. கூட வேலை பார்த்த நரி வேலாயுதம், "அக்கா, அப்ப ஃபேனுக்குக் கீழ இருக்கற உங்க சீட்டை நான் எடுத்துக்கட்டுமா?" என்றது. நல்லா இருப்பீங்கடா! சிங்கராஜா மட்டும், "போய்ப் பாரு. சரிப்பட்டு வரலேன்னா திரும்பி வா, உன் வேலை உனக்குத்தான்" என்றது. அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் மைனா ராஜினாமாவே கொடுத்தது.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம். யார் வேலையை விட்டாலும் பொன்னாடை போர்த்தி, ஆளாளுக்கு மைக்கில் புகழ வேண்டும். புகழுரை எழுதித் தருவது யார்? பூங்கோதைதான். வெட்கமே இல்லாமல் கரடி வந்து நின்றது. "நாளைக்கு உன் விழா. உன்னைப் பத்தி நாலு வார்த்தை எழுதிக் குடும்மா." அடுத்தது நரி. "அக்கா, எனக்குக் கொஞ்சம் உருக்கமா."

மைனா எழுதியது. இத்தனை வருஷம் யார் யார் வாயிலிருந்து என்னென்ன கேட்க ஏங்கியதோ, அத்தனையும் எழுதியது. நரிக்கு எழுதியதில் உயிரையே கொட்டிவிட்டது.

விழாவில் நரி மைக்கைப் பிடித்தது. "அக்கா, நீங்க பாடினா பட்டமரமும் நிமிர்ந்து கேக்கும். பயப்படாதீங்க. உங்க பாட்டுக்காக ஒரு உலகமே பசியோட காத்திருக்கு." கூட்டம் மூக்கைச் சிந்தியது. பூங்கோதை தேம்பித் தேம்பி அழுதது. என்னைப் பற்றி எவ்வளவு நல்லவிதமாக நினைத்திருக்கிறார்கள்! எழுதியதே தான்தான் என்பது மறந்துபோச்சு, பைத்தியத்துக்கு.

சிங்கராஜா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தது. "வேலாயுதத்துக்குள்ள இப்படி ஒரு கவிஞனா! இன்னையிலேர்ந்து பூங்கோதை பார்த்த வேலை இவனுக்குத்தான். நிரந்தரமா!" கைதட்டல் காதைப் பிளந்தது.

"ராஜா, அதை எழுதினது..." என்று மைனா வாயெடுத்தது.

"உன் புகழை நீயே எழுதிக்கிட்டேன்னு சபையில சொல்லுவியா? மானம் போயிரும், கம்முனு இரு," என்று கரடி அதன் காதைக் கடித்தது.

 பூங்கோதைக்குத் திரும்பி வர இனி இடமில்லை. வயிற்றில் இருந்த பயம் எள்ளளவும் குறையவில்லை. போவதைத் தவிர வேறு கதியில்லாததால், பொன்னாடையை உதறிப் போட்டுவிட்டுப் பறந்தது.

"அக்கா! போற போக்குல யானையோட பொறந்தநாளுக்கு ரெண்டு வரி சொல்லிட்டுப் போங்க!" என்று கீழிருந்து நரி கத்தியது.

மைனாவுக்கு வந்ததே ஆத்திரம்! அது சொந்தமாகக் கட்டிய முதல் பாட்டு, நரியின் ஏழு தலைமுறையையும் இழுத்து வைத்துத் திட்டிய வசவுப் பாட்டு. காடே வேலையை நிறுத்திவிட்டு அண்ணாந்து கேட்டது.

நீதி: ஊக்கம் வேண்டுமானால் நீயே எழுதிக்கொள், ஆனால் வாசிக்கப்போவது நரி என்றால் சுமாராக எழுது.