கீழாநெல்லியும் அரைக் கப் பிளேன்டீயும்

படித்ததை உடனே யாருக்காவது காட்டிவிட வேண்டும் என்ற அரிப்பு, பட்டம் வாங்கிய புதிதில்தான் ஒரு மனுஷனைப் பாடாய்ப் படுத்தும். நான் இரசாயனவியலில் பட்டம் வாங்கி, எல்கடுவ தேயிலைத் தோட்டத்து லயத்தில் சும்மா உட்கார்ந்திருந்தேன். மாத்தளையில் ஸ்பைஸ் கார்டன் வைத்திருந்த ஹாஜியார் ஒருவர், சுற்றுலா வருபவர்களுக்குச் செடிகளை விளக்க ஆள் தேடினார். "ஒரு பஸ்ல வர்றவங்களுக்குக் காட்டுங்க மகன். சாமான் வித்தா வேலை உங்களுக்குத்தான்" என்றார். வீடு அம்மா கொழுந்து பறிக்கிற சம்பளத்தில் ஓடியது. எனக்கு அந்த வேலை கட்டாயம் வேண்டும்.

மற்றவர்கள் இலையைக் கசக்கி முகரக் கொடுப்பார்கள். நான் பட்டதாரி அல்லவா (திமிர்தான், வேறென்ன), விஞ்ஞானம் காட்ட முடிவு செய்தேன். கம்பஸில் என் ஆய்வே கீழாநெல்லி இலைச்சாறுதான். மஞ்சள் காமாலைக்கு நம் ஆட்கள் அரைத்துக் குடிக்கும் அதே செடி. ஊதாக் கரைசலில் அந்தச் சாற்றைச் சொட்டுச் சொட்டாக விட்டால் நிறம் மெல்ல மெல்லக் காணாமல் போகும். அண்டிஒக்சிடன்ட் செய்கிற வேலை. முதன்முதலில் பார்த்த அன்று எனக்குப் புல்லரித்துவிட்டது. வேலியோரத்துக் களைக்குள் இவ்வளவு சக்தியா என்று சாப்பிடக்கூடப் போகாமல் நின்றேன்.

மதுரையிலிருந்து ஒரு கூட்டம் வந்திறங்கியது. வாசலில் ஆளுக்கொரு கப் பால் சேர்க்காத பிளேன்டீ, இலவசம். கடைசி வரிசைக்கும் தெரியட்டும் என்று ஜாடித் தண்ணீரில் பொட்டாசியம் பர்மாங்கனேட்டை (புண் கழுவுகிற அந்த ஊதாத் தூள்) தாராளமாக அள்ளிப் போட்டேன். "இந்த ஊதா உடம்பைக் கெடுக்கிற சாமான்னு வச்சுக்குங்க. கீழாநெல்லி என்ன பண்ணுதுன்னு இப்ப பாருங்க" என்று சாற்றை ஊற்றினேன். ஊதா அசையவில்லை. இன்னும் ஊற்றினேன். கொண்டுபோன போத்தலே காலி. ஊதா ஜம்மென்று இருந்தது. ஹாஜியார் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

முன்வரிசையில் நின்ற மதுரை அக்கா ஒருவர், என்மேல் இரக்கப்பட்டோ என்னவோ, "இதையும் ஊத்திப் பாரேன் தம்பி" என்று தன் மிச்சப் பிளேன்டீயை ஜாடிக்குள் கவிழ்த்தார். என் கண்முன்னாலேயே ஊதா மழுங்கி, பழுப்பாகி, இருந்த இடம் தெரியாமல் போனது. (பாதி வேலையைக் கீழாநெல்லி ஏற்கெனவே முடித்திருந்தது என்று இன்றும் சொல்கிறேன். யாரும் கேட்பதில்லை.) கூட்டம் கைதட்டியது. நான் விற்க வந்த கீழாநெல்லி சிரப்பையே மறந்து வாயைப் பிளந்து நின்றேன். அம்மா வாழ்நாளெல்லாம் முதுகில் சுமந்த கொழுந்தாயிற்றே அது.

அக்கா பக்கத்திலிருந்த கணவரைக் காட்டினார். "இவருக்கு ஈரல்லதான் கோளாறு. டீயே இப்படின்னா சிரப் இன்னும் நல்லா கேட்கும்ல? நிறைய வாங்கிக்கிறேன். மாத்திரைய நிறுத்திடலாமா?"

ஹாஜியார் பின்னாலிருந்து, ஆமாம் சொல்லு என்று தலையை ஆட்டிக் காட்டினார்.

"ஐயோ, மாத்திரைய நிறுத்தாதீங்கக்கா. ஜாடிக்குள்ள நிறம் போறது வேற, ஈரலுக்குள்ள நடக்கிறது வேற. டாக்டர்கிட்ட கேட்காம எதையும் குடிக்காதீங்க" என்றேன்.

பஸ் ஒரு போத்தல்கூட வாங்காமல் கிளம்பியது. ஹாஜியார் கோபப்படவில்லை. "நீங்க நல்ல பிள்ளை மகன். இஸ்கூல்ல படிச்சுக் குடுங்க. கடைக்குச் சரிவராது" என்றார். (இப்போது பள்ளிக்கூடத்தில்தான் இருக்கிறேன்.)

மாலையில் மிச்சத் தூளை வைத்து, அம்மாவுக்கும் அதையே தேத்தண்ணியில் செய்து காட்டினேன். ஊதா போன கிளாஸை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தாள். "இதையாடா இத்தன வருஷமா பறிச்சேன்" என்றாள். பிறகுதான் வேலையைப் பற்றிக் கேட்டாள். நடந்ததைச் சொன்னேன். சிரித்துச் சிரித்து அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் பிளேன்டீ நீட்டினால் கூடவே ஒரு வசனமும் வரும். சம்பந்தம் பேச வந்த என் வருங்கால மாமனாருக்கும் அம்மா முகத்தில் சிரிப்பே இல்லாமல் அதைத்தான் சொன்னாள்: "குடிங்க. மாத்திரைய மட்டும் நிறுத்திறாதீங்க."

மனுஷன் கப்பைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்திலிருந்த மனைவியைத் திரும்பிப் பார்த்தார். "எனக்குப் பிரஷர் இருக்கிறத அதுக்குள்ள சொல்லிட்டியா?"