எண்ணெய் தேய்த்துக்கொண்டு காட்டுக்குப் போனது பற்றி மச்சானுக்கு

மேல வீதி, சிதம்பரம்
14.2.2010, ஞாயிறு

மதிப்பிற்குரிய மச்சான் தில்லைநாதன் அவர்களுக்கு, தங்கள் தங்கை ராஜாம்பாளின் கணவன் பஞ்சநாதம் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கே நடராஜர் புண்ணியத்தில் நானும் ராஜமும் சௌக்கியம். அங்கே நெல்லிக்குப்பத்தில் தங்கள் சம்சாரம் தங்கச்சி புஷ்பவள்ளியும் பிள்ளை எழிலனும் டிராக்டரும் சௌக்கியம் என்று நம்புகிறேன். தாங்கள் சௌக்கியமாக இல்லை என்பது, தங்கள் கடிதத்தில் பேனா மூன்று இடத்தில் காகிதத்தைக் கிழித்திருப்பதைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். போனில் பதில் சொல்லலாம் என்றால் நான் வாயைத் திறந்ததும் "டவர் இல்ல மாப்ள" என்று வைத்துவிடுகிறீர்கள். கடிதத்துக்கு டவர் வேண்டாம் என்பதால் எழுதுகிறேன்.

முப்பத்திரண்டு வருஷம் சார்பதிவாளர் ஆபீசில் பத்திரம் படித்தவன் நான். தங்கள் கடிதத்தையும் ஒரு வார்த்தை விடாமல் இரண்டு தடவை படித்தேன். "முட்டி வலிக்காரிய காட்டுக்கு இழுத்துக்கிட்டுப் போயி கொதிக்கிற தண்ணியில தள்ளிட்டு வந்திருக்கீங்க. வர்ற வெள்ளிக்கிழம சுமோ அனுப்பறேன், அவள ஏத்தி அனுப்புங்க. இனிமே அவ எங்கிட்டதான் இருப்பா" என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கு என் பதில், அனுப்ப மாட்டேன் என்பது. இத்தோடு கையெழுத்துப் போட்டு முடித்துவிடலாம்தான். ஆனால் தாங்கள் கேள்விப்பட்டது எல்லாம், எங்களோடு யாத்திரை வந்த எதிர்வீட்டு அகிலாண்டம் திருவந்திபுரத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் தங்கச்சி புஷ்பவள்ளியிடம் சொன்னது. பாயசத்துக்கும் மோருக்கும் நடுவே சொன்ன கதையை நம்பி ஒரு மனிதனைக் கொலைகாரன் ஆக்கியிருக்கிறீர்கள். ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், படித்துவிட்டுத் தாங்களே வெட்கப்படுங்கள்.

ராஜத்துக்கு முட்டி வலி மூன்று வருஷமாக இருக்கிறது. கடலூர் டாக்டர் ஆபரேஷன் என்றார், அவள் பயந்து அந்தப் பக்கமே தலை வைக்கவில்லை. தாங்கள் அனுப்பிய தைலம் துணியில் பட்டு ஓட்டை விழுந்தது, தாங்கள் அனுப்பிய பெல்ட் யானைக்குப் போட வேண்டியது. நாலு வீதியையும் சுற்றி வந்துகொண்டிருந்தவள், போன ஆடியிலிருந்து சாயரட்சைக்குக்கூடக் கோயிலுக்குப் போவதில்லை. மணிச் சத்தத்தை வீட்டிலிருந்தே கேட்டுவிட்டு விளக்கேற்றிவிடுவாள். அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை என்பதைத் தாங்கள் நம்பினாலும் சரி, நம்பாவிட்டாலும் சரி. அப்போதுதான் யாத்திரை கூட்டிப்போகிற சபேஷ் ஒரு நோட்டீஸ் கொண்டுவந்து கொடுத்தான். பூரி, கோனார்க், அதற்குப் பிறகு ஒரிசாக் காட்டுக்குள்ளே இயற்கையான வெந்நீர் ஊற்று, சகல மூட்டு வலிக்கும் நல்லது என்று போட்டிருந்தது. ராஜம் அந்த நோட்டீசைப் படித்துவிட்டு மடித்து டி.வி.க்கு அடியில் வைத்தாள். போவது என்று முடிவு செய்தது நான். கூட்டிப்போனது நான். நம் ஊருக்கு ரயில் நின்று மூன்று வருஷம் ஆனதால் மெட்ராஸ் வரை பஸ்ஸில் அழைத்துப்போய் ரயிலேற்றியதும் நான். இதில் அவள் மேல் ஒரு குற்றமும் இல்லை.

இனி எண்ணெய் விஷயம். பூரி தரிசனம் எல்லாம் நல்லபடியாக முடிந்தது, ஊற்றுக்குப் போகிற நாள் சனிக்கிழமையாக அமைந்தது. மச்சான், நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள். சனிக்கிழமை, பூமியிலிருந்து தானாகப் பொங்கி வருகிற வெந்நீர், விறகு வேண்டாம், கேஸ் வேண்டாம், 'எனக்கு மிச்சம் வை' என்று பாத்ரூம் கதவைத் தட்ட ஆளில்லை. இந்த நிலைமையில் எண்ணெய் தேய்த்துக்கொள்ளாமல் போகிறவன் தமிழ்நாட்டில் இருக்கிறானா? நான்தான் முதலில் சொன்னேன். பதினெட்டுப் பேரும் கைதட்டினார்கள். அகிலாண்டம் மட்டும், "சனிக்கெழம ஆம்பளைங்களுக்குத்தான், பொம்பளைங்களுக்கு வெள்ளிக்கெழம" என்று ஆட்சேபணை எழுப்பினாள். "ஒரிசாவுல வந்து கெழம பாத்தா ஆவுமா?" என்று நான் தீர்ப்புச் சொன்னேன். எங்களோடு வந்த சமையல்காரன் கொளஞ்சி விடியற்காலையில் லாட்ஜிலேயே நல்லெண்ணெயை மிளகும் அரிசியும் போட்டுக் காய்ச்சிக் கொடுத்தான். வேன் அரை மணியில் ஊற்றுக்குப் போய்விடும், எண்ணெய் ஊற அரை மணி போதும், இறங்கியதும் குளியல் என்று நான் கணக்குப் போட்டேன். ஆறு மணிக்குப் பதினெட்டுப் பேரும் உச்சி முதல் உள்ளங்கால் வரை எண்ணெயோடு, ஆண்கள் இடுப்பில் துண்டோடும் பெண்கள் பழைய புடவையோடும் வேனில் ஏறினோம். சீட்டில் யாராலும் நிலையாக உட்கார முடியவில்லை, வளைவு வரும்போதெல்லாம் ஒரு பக்கத்து ஆட்கள் மறுபக்கம் போய்விட்டார்கள்.

அரை மணி என்று சபேஷ் சொன்னது லாட்ஜிலிருந்து காடு ஆரம்பிக்கிற இடத்துக்காம். ஊற்று அதற்கு அப்பால். நடுவில் வேன் டயர் பஞ்சர், ஸ்டெப்னியிலும் காற்று இல்லை. மீதி தூரத்தை நடந்தோம். ராஜத்தை மட்டும் ஒரு மாட்டுவண்டிக்காரன் ஏற்றிக்கொண்டான், அதாவது தாங்கள் சொல்கிறபடி நான் அவளை இழுத்துக்கொண்டு போகவில்லை, மாடு இழுத்துக்கொண்டு போனது. அந்தக் காட்டுப் பாதை பூராவும் செம்மண். லாரி ஒன்று எங்களைத் தாண்டிப் போனதும் அத்தனை புழுதியும் எண்ணெயில் ஒட்டிக்கொண்டது. யார் யாரென்றே அடையாளம் தெரியவில்லை. எதிரே வந்த காட்டு ஜனங்கள் நின்று பார்த்தார்கள், பிறகு ஒதுங்கி வழிவிட்டார்கள், ஒரு கிழவர் என்னைப் பார்த்துக் கும்பிட்டார். ஏதோ கடுமையான விரதம் என்று நினைத்திருப்பார். நானும் கையைத் தூக்கி ஆசீர்வாதம் செய்தேன். முப்பத்திரண்டு வருஷ சர்வீசில் ஒருவனும் என்னை அப்படிக் கும்பிட்டதில்லை.

ஊற்று நிஜமாகவே அழகான இடம், அதை மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். நாலு பக்கமும் உயர உயரமான மரங்கள், நடுவே சின்னக் குளம், அதிலிருந்து புகை, தீபாவளிக்கு மறுநாள் தெருவில் அடிக்குமே அந்த வாடை. கரையில் ஒரு அம்மன். நாங்கள் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு இறங்கப் போனபோது காவல்காரர் விசில் ஊதிக்கொண்டு ஓடி வந்தார். அவர் பேசிய பாஷை யாருக்கும் புரியவில்லை, எங்கள் தலைகளை ஒவ்வொன்றாகக் காட்டிக் கையை ஆட்டியது புரிந்தது. மீதியைச் சைகையில் காட்டினார்: மேலே இருப்பது அம்மனுடைய தண்ணீர், கொதிக்கிறது, தொடவே கூடாது. அது ஆறி வந்து கீழே ஒரு தொட்டியில் விழுகிறது, அதில் குளிக்கலாம், ஆனால் எண்ணெய், சீயக்காய், சோப்பு எதுவும் ஆகாது. சபேஷ் அவனுக்குத் தெரிந்த இந்தியில் ஏதோ சொன்னான், காவல்காரருக்குக் கோபம் அதிகமானதுதான் பலன். எங்கே பார்த்தாலும் வெந்நீர், எண்ணெய்த் தலையில் ஊற்றிக்கொள்ள ஒரு சொம்புக்கு வழியில்லை. பதினெட்டுப் பேரும் என்னையே பார்த்தார்கள். காலையில் கைதட்டியதை ஒருவரும் நினைவில் வைத்திருக்கவில்லை.

கொளஞ்சிதான் மானத்தைக் காப்பாற்றினான். தொட்டியிலிருந்து வழிந்து ஓடுகிற தண்ணீரைத் தூரத்தில் பிடித்து, ராஜத்தோடு மாட்டுவண்டியில் வந்த சாம்பார் அண்டாவில் நிரப்பி, ஒவ்வொருவர் தலையிலும் கரண்டியால் மொண்டு ஊற்றினான். அந்தக் கரண்டியில் ஒருவருக்கு முப்பது தடவை ஊற்ற வேண்டியிருந்தது. இதற்குள் ஒரு குரங்கு சீயக்காய்ப் பொட்டலத்தை மாவு என்று நினைத்துத் தூக்கிக்கொண்டு மரத்தில் ஏறிப் பிரித்தது. அது தும்மிய தும்மலில் பாதி சீயக்காய் எங்கள் கண்ணில் விழுந்தது, மீதி மரத்திலேயே நின்றுவிட்டது. ஆகவே எல்லோரும் எண்ணெய் போயும் போகாமலும் கண்ணைக் கசக்கிக்கொண்டு, யார் இந்த யோசனையைச் சொன்னது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தோம். அப்போதுதான் ராஜத்தைக் காணவில்லை என்று கவனித்தேன்.

அவள் தொட்டியில் இருந்தாள். அவள் மட்டும் அன்றைக்கு எண்ணெய் தேய்த்துக்கொள்ளவில்லை என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. பதினோரு படி, கைப்பிடி கிடையாது, தானாக இறங்கிப் போய்க் கடைசிப் படியில் உட்கார்ந்து, முட்டி வரை தண்ணீரில் விட்டுக்கொண்டு, காவல்காரர் சம்சாரத்தோடு பேசிக்கொண்டிருந்தாள். இவள் தமிழில் சொல்கிறாள், அவள் அவளுடைய பாஷையில் சொல்கிறாள், இரண்டு பேரும் சிரிக்கிறார்கள். "ராஜம், எழுந்திரு, வழுக்கும்" என்று கத்திக்கொண்டே இறங்கினேன். மூன்றாவது படியில் என் உள்ளங்கால் எண்ணெய் தன் வேலையைக் காட்டியது. மச்சான், தாங்கள் பந்திக் கதையில் கேள்விப்பட்டபடி ஒரு ஆள் தண்ணீரில் விழுந்தது உண்மை. விழுந்தது ராஜம் இல்லை. நான். எட்டுப் படியையும் உட்கார்ந்தபடியே இறங்கி, மூக்கு வரை போய், இரண்டு வாய் குடித்துவிட்டேன். அப்போது மூன்று வருஷமாக நாற்காலியைப் பிடிக்காமல் எழுந்திருக்காத தங்கள் தங்கை, சட்டென்று எழுந்து, இடுப்பளவு தண்ணீரில் நடந்து வந்து, என் அக்குளில் கை கொடுத்துத் தூக்கி நிறுத்தினாள். "பல்லு இருக்கா பாருங்க" என்றாள். பிறகு என்னைப் பிடித்துக்கொண்டு பதினோரு படியும் ஏறினாள். யார் யாரைத் தள்ளியது, யார் யாரைத் தூக்கியது என்பதை இனியாவது சரியாகச் சொல்லுங்கள்.

வலி போய்விட்டதா என்று கேட்பீர்கள். வந்த நாலாவது நாள் திரும்ப வந்துவிட்டது, நான் மறைக்கவில்லை. வெந்நீரில் காலை வைத்தால் எங்கே வைத்தாலும் இதமாகத்தான் இருக்கும், வீட்டுப் பக்கெட்டே போதும் என்று இங்கே டாக்டர் சொல்லிவிட்டார். சொல்லட்டும். அவள் தானாக எழுந்து நின்றதை நான் கண்ணால் பார்த்தேன், அதற்காக இன்னும் பத்துத் தடவை வேண்டுமானாலும் எண்ணெயோடு காட்டுக்குள் நடப்பேன். அடுத்த தையிலும் கூட்டிப்போவேன், தங்களிடம் கேட்க மாட்டேன். அவளை எங்கே அழைத்துப்போக வேண்டும், எப்போது திரும்ப அழைத்துவர வேண்டும் என்பது முப்பத்தாறு வருஷமாக என் பொறுப்பு. வெள்ளிக்கிழமை சுமோ வந்தால் டிரைவருக்கு டிபன் கொடுத்து வெறும் வண்டியாகத் திருப்பி அனுப்புவேன். தாங்கள் எழுதியதை வாபஸ் வாங்கும் வரை நெல்லிக்குப்பம் எல்லையில் கால் வைக்க மாட்டேன், தங்கள் வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டேன். அவள் இல்லாமல் இந்த வீட்டில் ஒரு நாள்கூட என்னால் இருக்க முடியாது என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன், அதைப் பலவீனம் என்று தாங்கள் நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆனித் திருமஞ்சனத்துக்குத் தாங்கள் வழக்கம்போல நம் வீட்டில் வந்து தங்கலாம், தங்கை வீடு என்ற உரிமை தங்களுக்கு உண்டு. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு மாடியில் இருப்பேன். தங்கச்சி புஷ்பவள்ளிக்கு என் அன்பு, எழிலனுக்கு ஆசீர்வாதம், தங்களுக்கு வயதுக்கு உரிய வணக்கம் மட்டும்.

இப்படிக்கு,
ஒரு வார்த்தைகூட வாபஸ் வாங்காத
பஞ்சநாதம்

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்கு முன் இந்தக் கடிதத்தை ராஜத்துக்குப் படித்துக் காட்டினேன், பெருமைப்படுவாள் என்று. கீரை ஆய்ந்துகொண்டே முழுக்கக் கேட்டாள். "அண்ணன் அனுப்புன்னு சொல்லுது, நீங்க அனுப்ப மாட்டேன்றீங்க. ரெண்டு பேருல ஒருத்தராவது என்னைக் கேட்டீங்களா?" என்றாள். "சரி, உனக்கு என்ன வேணும்?" என்றேன். சபேஷ் பங்குனியில் பெண்களுக்கு மட்டும் ஒரு யாத்திரை கூட்டிப்போகிறானாம், அதே ஊற்றில் மூன்று நாள் தங்கல், போய்வரப் பத்து நாள். இவள் போன வாரமே பெயர் கொடுத்துவிட்டாள். "வலிதான் திரும்பி வந்துடுச்சே, எதுக்கு?" என்று கேட்டேன். "காலுக்காகவா போறேன்? அந்தப் படியில ஒரு மணி நேரம் ஒக்காந்திருந்தேன். காபி குடுன்னு யாரும் கேக்கல, எங்க போனேன்னு யாரும் தேடல. நீங்க வந்து வுழற வரைக்கும் ரொம்ப நல்லா இருந்துச்சி" என்றாள். இதைப் படித்துத் தாங்கள் சிரிக்க வேண்டாம், ஏனென்றால் அந்த லிஸ்டில் இவள் பெயருக்கு அடுத்தபடி இருப்பது தங்கச்சி புஷ்பவள்ளியின் பெயர். தங்களிடம் எப்போது சொல்வதென்று இரண்டு பேரும் போனில் பேசி வைத்திருக்கிறார்கள், நான் முந்திக்கொண்டு சொன்னதைக் காட்டிக்கொள்ள வேண்டாம். மச்சான், எனக்கு ஒரு ரசம்கூட வைக்கத் தெரியாது. தங்களுக்குச் சாதமாவது வடிக்கத் தெரியும் என்றால், அந்தப் பத்து நாளும் அங்கே வந்து தங்களோடு இருந்துவிடுகிறேன். தெரியாவிட்டாலும் வருகிறேன்.