சவுதிக்காரர் சொன்ன படம்

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெருவுக்கு அரபு நாட்டைப் பற்றித் தெரிந்ததெல்லாம் சவுதிக்காரர் சொன்னதுதான். அதில் பாதிக்கு மேல் அரபு நாட்டுக்கே தெரியாது.

அங்கே ஒட்டகம் சிவப்பு விளக்கைப் பார்த்து நிற்கும் என்பார். வெயில் காலத்தில் கோழி வெந்த முட்டையாகத்தான் போடும் என்பார். அவருக்கு அப்பா அம்மா வைத்த பேர் ரேஷன் கார்டில் இருக்கிறது, வேறு எங்கேயும் இல்லை. பால்காரர் முதல் கோயில் குருக்கள் வரைக்கும் எல்லோருக்கும் அவர் சவுதிக்காரர்தான்.

எங்கள் தெருவில் தறியில் உட்காராத ஆண்பிள்ளைக்கு மதிப்பு கிடையாது. அவருக்குச் சின்ன வயதிலிருந்தே தறி கைக்கு வரவில்லை. அவர் நெய்தால் புடவையின் கரை பாலாறு மாதிரி வளைந்து வளைந்து போகும். இவனெல்லாம் ஒரு ஆளா என்று தெருவே சிரித்தது. ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் சவுதிக்குப் போனார். பதினான்கு வருஷம் கழித்து, பெரிய பிளாஸ்கும் கருப்புக் கண்ணாடியுமாக வந்து இறங்கினார். அன்றிலிருந்து அவர் ஒரு ஆள். அரபி தெரிந்த ஆள்.

விடியற்காலையில் தெருவின் நீளத்துக்குப் பட்டு நூலை இழுத்துக் கட்டிப் பாவு போடுவோம். அக்கம்பக்கத்தார் எல்லோரும் வந்து கை கொடுப்பார்கள். சூரியன் வருவதற்கு முன்னாலேயே கருப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு சவுதிக்காரரும் வந்து நிற்பார். ஒரு இழையைத் தொட மாட்டார். "யல்லா, யல்லா" என்று எல்லோரையும் விரட்டுவார். அதற்கே ஜனங்கள் வேகமாக வேலை செய்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அவருக்கு அரபி தெரியாது என்பது அவர் மனைவி அஞ்சலைக்கும் எனக்கும் மட்டும் தெரியும். அஞ்சலைக்குப் படிக்க வராது. நான் அஞ்சாவது வரைக்கும் போனவள். அதைவிட முக்கியம், நாலு பேர் இருக்கிற இடத்தில் வாயைத் திறக்காதவள். அதனால் சவுதியிலிருந்து கடிதம் வந்தால் என்னிடம்தான் கொண்டுவந்து நீட்டுவாள். மலையாளிகள் நடத்துகிற ஓட்டலில் பரோட்டா போடுகிறேன், அடுப்படியை விட்டு வெளியே வர நேரமில்லை, அரபி பேச ஆள் இல்லை, மலையாளம் நன்றாக வருகிறது என்று எழுதியிருந்தார். இதை வெளியில் விட்டால் என்னைக் கொன்றுவிடு என்று அஞ்சலையிடம் சொன்னேன். அவளும் சரி என்றாள்.

ஒருமுறை பட்டு வாங்க அரபு நாட்டுக்காரர் ஒருவர் நீண்ட வெள்ளை அங்கியோடு காரில் வந்து இறங்கினார். ஜனங்கள் ஓடிப்போய் சவுதிக்காரரைத் தூக்காத குறையாகக் கூட்டி வந்தார்கள். அவர் முகம் வெளுத்துப்போனது எனக்கு மட்டும்தான் தெரிந்தது. ஆனால் அவருக்கு யோகம். கார் ஓட்டி வந்தவர் மலையாளி. இரண்டு பேரும் அரை மணி நேரம் கையை ஆட்டி ஆட்டிப் பேசினார்கள். அந்த டிரைவர்தான் அப்புறம் தன் முதலாளியிடம் அரபியில் சொன்னார். பக்கத்தில் நின்றிருந்த தறிக்காரி பட்டம்மா சும்மா இருப்பாளா?

"இன்னாபா, அரபின்னு சொல்ட்டு மலையாளம் மாதிரி இருக்குது?"

"மலையாளமே அங்கேர்ந்து வந்ததுதாம்மா" என்றார் சவுதிக்காரர், கண்ணாடியைக் கழற்றாமல்.

அன்றைக்கு ஏழு புடவை விற்றது. அதற்குப் பிறகு யார் கேட்கப் போகிறார்கள்?

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்த காலத்தில்தான் கவிதா ஒரு படத்தைக் கொண்டுவந்தாள். எங்கள் தெருப் பெண். சென்னையில் சினிமா சம்பந்தமாக ஏதோ படிக்கிறாள். உலகத்துப் படமெல்லாம் நம் ஜனமும் பார்க்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. அமாவாசையன்று தறிக்கு லீவு என்பதால் அன்று மத்தியானம் நெசவாளர் சங்கக் கட்டடத்தில் ஜன்னலையெல்லாம் போர்வை போட்டு மூடி, இரண்டு வேட்டியைச் சேர்த்துத் தைத்துத் திரை கட்டினாள். சவுதிப் படம் என்று சொன்னதும் எல்லோரும் திரும்பி ஒரே ஆளைத்தான் பார்த்தார்கள்.

சவுதிக்காரர் அன்று காலையிலேயே காய்ச்சல் என்று படுத்துவிட்டார். அஞ்சலை அவரை எழுப்பி உட்கார வைத்து, "போகலன்னாதான் சந்தேகம் வரும். அடியில இங்கிலீஷ்ல எழுத்து ஓடுமாம், கவிதா படிச்சிக்குவா, நீ கம்முனு குந்திக்கினு வா" என்று சட்டை மாட்டி அனுப்பினாள்.

படம் ஆரம்பித்தது. எழுத்தும் ஓடியது. ஆனால் திரை கொஞ்சம் குட்டை. இங்கிலீஷ் எழுத்து முழுக்க முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த சாயக்காரரின் வழுக்கைத் தலைமேல் ஓடியது. அவர் திரும்பிப் பார்த்தால் நெற்றியில் ஓடியது. கவிதா படம் காட்டுகிற மிஷினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, ஜனங்களுக்குப் பொறுக்கவில்லை. சவுதி இருக்கும்போது எழுத்து எதற்கு, எழுந்து சொல்லுய்யா என்று பிடித்துத் தள்ளினார்கள்.

அவர் எழுந்தார். பதினான்கு வருஷம் போய்ச் சம்பாதித்த மதிப்பு ஒரு மத்தியானத்தில் போகப்போகிறது என்று நினைத்தேன்.

முதல் கால் மணி நேரம் அவருக்குக் கஷ்டமே இல்லை. மணல், ஆடு, கருப்பு உடுப்பில் பெண்கள். இது மணல், இது ஆடு என்று கம்பீரமாகச் சொன்னார். சாயக்காரர் கருப்பை உற்றுப் பார்த்து, சாயம் நன்றாக ஏறியிருக்கிறது, அந்த ஊர்த் தண்ணீர் நல்ல தண்ணீர் போல என்றார். எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள்.

அப்புறம் ஒரு பெண் ஆட்டுப்பட்டிக்குப் பின்னால் ஒளிந்து உட்கார்ந்து, நோட்டுப் புத்தகத்தில் ஏதோ வரைந்தாள். கட்டம் போட்ட நோட்டு. கூடத்தில் சலசலப்பு. எங்கள் ஊரில் புடவைக்கு டிசைன் போடுவது கட்டம் போட்ட தாளில்தான். திரையில் ஊர்ப் பெரியவர் ஒருவர் வந்து, அந்தத் தாளைப் பிடுங்கிக் கோபமாகக் கத்தினார்.

படம் வரைந்ததற்கு ஒரு பெண்ணை எதற்குத் திட்டுவார்கள்? எங்கள் ஜனத்துக்குத் தெரிந்த காரணம் ஒன்றே ஒன்றுதான்.

"திருட்டு டிசைனா?" என்றாள் பட்டம்மா.

சவுதிக்காரர் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். ஆமாம், பக்கத்து ஊர்த் தறிக்காரன் டிசைனைப் பார்த்துப் போட்டுவிட்டாளாம், பெரியவர் அதைத்தான் கேட்கிறார் என்றார். போன வருஷம்தான் பட்டம்மா யோசித்து யோசித்துப் போட்ட மயில் டிசைன் அவள் முதல் புடவையைத் தறியிலிருந்து அறுப்பதற்குள் பக்கத்து ஊரான ஐயம்பேட்டையில் நெய்து விற்பனைக்கே வந்துவிட்டது. அவளுக்கு வந்ததே கோபம். எழுந்து நின்று அந்தப் பெண்ணை, அவள் அம்மாவை, அவள் ஆடுகளைக்கூட விடாமல் திட்டினாள். கூடமே பெரியவர் பக்கம் சேர்ந்துகொண்டது. அவர் தாளைக் கிழித்தபோது கை தட்டினார்கள். கவிதா தலையில் கை வைத்துக்கொண்டாள். அந்தப் பெண் அழுதாள். மாட்டிக்கொண்டதால் அழுகிறாள் என்றார் சவுதிக்காரர். அவள் தோழி வந்து அழுதாள். அவளும் கூட்டுக் களவாணி என்றார். ஒரு கிழவர் வந்து அழுதார். அவருக்குக் கண்ணில் மணல் என்றார்.

இப்படியே ஓட்டியிருப்பார். ஆனால் அந்தப் பெண் கிழிந்த துண்டுகளைப் பொறுக்கித் தரையில் சேர்த்து வைத்தாள். திரை நிறைய ஒரு முகம். மயிலும் இல்லை, யாளியும் இல்லை. வயதான ஒரு பெண்ணின் முகம்.

திருட்டு டிசைனில் முகம் எதற்கு என்று பட்டம்மா மெதுவாகக் கேட்டாள். அந்த நேரம் பார்த்து கவிதா திரையை இறக்கிக் கட்டிவிட்டாள். எழுத்து வந்தது. அவள் படித்துச் சொன்னாள். அது செத்துப்போன அம்மாவின் முகமாம். வீட்டில் ஒரு போட்டோகூட இல்லையாம். மறந்துபோகக்கூடாது என்று வரைந்தாளாம். அந்த ஊரில் உருவம் வரையக்கூடாது என்று கட்டுப்பாடாம்.

எல்லோரும் சவுதிக்காரரைப் பார்த்தார்கள். அவர் கண்ணாடியைக் கழற்றினார். ஊருக்குத் திரும்பி வந்த இந்த இருபது வருஷத்தில் அதைக் கழற்றி நான் பார்த்ததில்லை. எனக்கு எழுந்து ஏதாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. சொன்னேனா என்றால் இல்லை. முந்தானையைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

திரையில் அந்தப் பெண் பெரியவரிடம் போய் ஏதோ கேட்டாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒரே ஒரு வார்த்தை சொன்னார். "புக்ரா."

கவிதா படிப்பதற்கு முன்னால் சவுதிக்காரர் சொன்னார்.

"நாளைக்குன்றான்."

கவிதா எழுத்தைப் பார்த்தாள். "ஆமா சித்தப்பா, நாளைக்குன்னுதான் போட்டிருக்குது" என்றாள், ஆச்சரியமாக.

"நாளைக்குன்னா நாளைக்கு இல்லம்மா. எங்கம்மா செத்துட்டான்னு தந்தி வந்து, ஊருக்கு அனுப்புன்னு பாஸ்போர்ட்ட வச்சிருந்த அரபு முதலாளியக் கேட்டேன். நாலு மாசம் இதே வார்த்தைதான் சொன்னான். எனக்கு அரபில நல்லாத் தெரிஞ்சது இது ஒண்ணுதான். மத்ததெல்லாம் சும்மா."

அந்தச் சமயத்தில் அவர் போட்ட கடிதத்தையும் அஞ்சலைக்கு நான்தான் படித்தேன். அதில் இவ்வளவு எழுதவில்லை. வர முடியவில்லை என்று மட்டும்தான் இருந்தது.

ஒருவரும் சிரிக்கவில்லை. பட்டம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"அந்தப் பொண்ண வாய்க்கு வந்தபடி திட்டிட்டேனே. இத்த மொதல்லயே சொல்றதுக்கு இன்னாபா உனக்கு?" என்றவள், கவிதா பக்கம் திரும்பினாள். "நீ படிக்காத கண்ணு. மீதிய அவரே சொல்லட்டும்."

தெரியாது என்று இப்போதுதானே சொன்னார் என்றாள் கவிதா. தெரிந்தால் யார்தான் சொல்ல மாட்டார்கள் என்றார் சாயக்காரர். மிஷினுக்கு முன்னால் ஒரு துண்டை மடித்து வைத்து எழுத்தை மறைத்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு அவர் சொன்ன கதை இருக்கிறதே, சவுதிக்காரர் வாழ்க்கையிலேயே அப்படிச் சொன்னதில்லை. பெரியவர் மன்னிப்புக் கேட்டார். கேட்டும் மன்னிக்காமல் ஒட்டகம் அவரை உதைத்தது. கண்ணில் மணல் விழுந்த கிழவர்தான் அந்தப் பெண்ணின் சொந்தத் தாத்தா என்று தெரிந்தது. ஐயம்பேட்டைத் திருடனும் எப்படியோ அந்த ஊருக்குப் போய் மாட்டிக்கொண்டு போலீஸ் ஜீப்பில் ஏறினான். கடைசியில் அந்தப் பெண் காஞ்சிபுரம் வந்து டிசைன் போட்டுக் கொடுத்து, பட்டம்மாவுக்கே மருமகள் ஆனாள். திரையில் அவள் தனியாக மண் பாதையில் நடந்து போய்க்கொண்டிருந்தாள். பஸ் பிடிக்கப் போகிறாள் என்றார். கூரை பிய்ந்துவிடும்படி கை தட்டினார்கள்.

மறுநாள் விடியற்காலை பாவு போட வந்தவர், வழக்கம்போலக் கருப்புக் கண்ணாடியோடு "யல்லா" என்றார். ஜனங்களும் வழக்கம்போல வேகமாக இழுத்தார்கள்.

போன வாரம் கவிதா அதே படத்தைத் தமிழ் எழுத்தோடு என் போனில் போட்டுக் கொடுத்தாள். எழுத்துக்கூட்டிப் பார்த்துக்கொண்டே வந்தேன். நல்ல படம், பொய் சொல்லக்கூடாது. ஆனால் ஒட்டகம் உதைக்க வேண்டிய இடம் வந்தது, அது பாட்டுக்கு நின்றுகொண்டிருந்தது. போனை நிறுத்திவிட்டு, அஞ்சலை வீட்டுக்குப் போய்ச் சவுதிக்காரரைக் கூட்டிக்கொண்டு வந்தேன்.