களத்துமேட்டில் காய்ந்த கூடாரம்

பையிலிருந்து வெளியே எடுத்த கூடாரம் மறுபடி அதே பைக்குள் போகாது. வரும்போது சமர்த்தாகத்தான் வரும். நாலு நாள் மணலிலும் பனியிலும் கிடந்ததும் அதற்கு உடம்பு பெருத்துவிடும். எத்தனை மடித்தாலும் ஒரு முழம் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். இதைச் சொல்ல எனக்கு எல்லாத் தகுதியும் உண்டு. நான் செய்த மடத்தனங்களை வரிசையில் நிறுத்தினால் மன்னார்குடி தேரடி வரைக்கும் போகும். அந்த வரிசையில் முதல் ஆளாக நிற்பது ஒரு காக்கிக் கூடாரம்தான்.

எழுபதுகளின் தொடக்கம். ஆட்சி மாறி, மேடைதோறும் தமிழ் அருவியாகக் கொட்டிக்கொண்டிருந்த நேரம். கல்லூரிப் பையன்கள் நாங்கள் தண்ணீர் வேண்டுமென்றால்கூட நேராகக் கேட்க மாட்டோம். ‘தாகம் தணிக்கத் தண்ணீர் தாரீரோ’ என்போம். (அம்மா ஒருநாள், "சொம்பு அங்கதான் கெடக்கு, மோந்து குடி" என்று சொன்ன பிறகு வீட்டில் மட்டும் நிறுத்திக்கொண்டேன்.) எங்கள் தெருவிலிருந்து கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். தெருவே பண்ணை வயலில் கூலிக்கு இறங்கும் தெரு. அங்கிருந்து கும்பகோணம் போய்ப் படிக்கிறவன் தலையில் கொஞ்சம் கனம் ஏறாமல் இருக்குமா? எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே ஏறியிருந்தது.

போதாதென்று தேசிய மாணவர் படையில் வேறு சேர்ந்திருந்தேன். காக்கி உடுப்பு, கனத்த பூட்ஸ், தலையில் சாய்த்து வைக்க ஒரு தொப்பி. அந்தத் தை மாதம் திருவையாற்றுக்குப் பக்கத்தில் ஆற்றங்கரைத் தோப்பில் முகாம் போட்டார்கள். கடைசி நாளன்று, தையில் பெய்யக் கூடாத மழை பெய்து தொலைத்தது. கூடாரங்களெல்லாம் தொப்பலாக நனைந்துவிட்டன. கிடங்குச் சாவி வைத்திருந்தவர் மகள் கல்யாணத்துக்கு ஊருக்குப் போய்விட்டார். படைக்குப் பொறுப்பாக இருந்த விரிவுரையாளர் எங்களில் சிலரைக் கூப்பிட்டு ஆளுக்கொரு கூடாரத்தைத் தலையில் கட்டினார்.

"வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் நல்லா காயவச்சு, மடிச்சு, திங்கக்கிழமை கொண்டாந்துருங்க. ஈரத்தோட மடிச்சா பூஞ்சை புடிச்சிரும். தரையில விரிச்சுக் காயவைக்காதீங்க, நிமித்திக் கட்டி காத்தாட விடுங்க. பூஞ்சை வாடை அடிச்சா சர்ட்டிபிகேட் கிடையாது."

காய்ந்திருந்தாலே இரண்டு ஆள் சுமை. கித்தான் துணி மழையைக் குடித்து, மணலையும் தின்றுவிட்டு, அசைய மாட்டேன் என்றது. பைக்குள் பாதிதான் போயிற்று. மீதியைக் கயிறு போட்டுக் கட்டினேன். கழிகளும் முளைக்குச்சிகளும் கொட்டாப்புளியும் தனி மூட்டை. கூத்தாநல்லூர் பஸ் கண்டக்டர் கட்டு நீளத்தைப் பார்த்துவிட்டு, "தம்பி, உள்ள ஆள் ஏதும் இல்லையே" என்று கேட்டார். அது சொட்டச் சொட்ட, பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு வியாபாரி தன் ஜவுளி மூட்டையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு ஊர் வரும்வரை என்னை முறைத்துக்கொண்டே வந்தார்.

பொழுது சாய வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். அம்மா மூட்டையைச் சுற்றி வந்து பார்த்தாள்.

"இம்புட்டுப் பாரத்தைச் சொமந்து வந்ததுக்கு ஒரு கட்டு வைக்கல் கொண்டாந்திருந்தா மாடாவது திங்கும்."

அப்பா வீட்டில் இல்லை. பக்கத்து ஊர்த் தெருக்காரர்களோடு பேசப் போயிருந்தார், விடிந்துதான் வருவார். அறுப்புக் கூலிச் சண்டை நடந்துகொண்டிருந்த வருஷம் அது. கதிர் முற்றித் தலை சாய்ந்து நிற்கிறது, கூலியை உயர்த்தாமல் அரிவாளைத் தொட மாட்டோம் என்று தெரு நிற்கிறது. எங்கள் பக்கத்தில் அப்போதெல்லாம் அறுவடை வந்தால் ரிசர்வ் போலீஸும் வரும். ஆடி போனால் ஆவணி என்கிற மாதிரி. போன வருஷம் பக்கத்து ஊரில் கூடாரம் அடித்துத் தங்கி, ராத்திரியோடு ராத்திரியாக ஆட்களை அள்ளிக்கொண்டு போனார்கள். அதனால் இந்த வருஷம் சண்டை வேண்டாம், பேசி முடிப்போம் என்று அப்பா பண்ணை வீட்டுக்கு நடையாய் நடந்திருக்கிறார். கலம் நெல்லுக்கு அரைப்படி கூடுதல் கூலி கொடுக்கப் பண்ணையாரும் ஒப்புக்கொண்டுவிட்டார்.

இதையெல்லாம் அம்மா அன்றைக்கே சொன்னாள். "நாளைக்குக் காலையில களத்துல வச்சு எல்லாரு முன்னாடியும் பண்ணை சொல்றாங்களாம். ஒங்கப்பா வாக்குக் குடுத்துருக்காரு" என்றாள். நான் எங்கே கேட்டேன்? பூஞ்சை எப்படிப் பரவுகிறது என்று அவளுக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். அவள் சொன்னதில் ‘களம்’ என்ற ஒரு சொல்தான் காதில் விழுந்தது. அடடா, களத்துமேடு. உயரமான இடம், நாலாபக்கமும் காற்று. கூடாரம் காய அதைவிட நல்ல இடம் எது என்று தோன்றிவிட்டது.

(அதற்கு முன்னால் கூரையில் போட்டுக் காயவைக்கப் பார்த்ததையும் சொல்லிவிடுகிறேன். ஒரு மூலையை ஏற்றியதுமே மூங்கில் நெரிந்தது. அம்மா விளக்குமாற்றை எடுத்தாள். இறக்கிவிட்டேன்.)

விடிவதற்கு முன்பே, அம்மாவிடம்கூடச் சொல்லாமல், மூட்டைகளை இழுத்துக்கொண்டு களத்துக்குப் போனேன். வேறு சட்டையெல்லாம் முகாமில் நனைந்து ஈரமாகக் கிடந்ததால் காக்கி உடுப்பையே மாட்டிக்கொண்டேன். தொப்பிக்கு அந்தச் சாக்குச் சொல்ல முடியாது. அது வெறும் பவிசு. தைப் பனி தரையைத் துளைக்கும் என்பார்கள். அன்று பத்தடிக்கு அப்பால் ஆள் தெரியாத மூடுபனி. ஒரு பக்கக் கழியைத் தென்னையோடு சேர்த்துக் கட்டி, மறுபக்கத்தை முட்டுக்கொடுத்து, இரண்டு தடவை கித்தானுக்குள்ளேயே புதைந்து வெளியே வந்து, எப்படியோ நிமிர்த்திவிட்டேன். கொட்டாப்புளியால் நான் முளை அடித்த சத்தம் ஊர் முழுக்கக் கேட்டிருக்கிறது.

கேட்ட தெரு என்ன நினைக்கும்? வயலுக்கு ஒதுங்க வந்த ஒருவர் பனிக்குள் எட்டிப் பார்த்திருக்கிறார். காக்கிக் கூடாரம். பக்கத்தில் கையில் கட்டையோடு தொப்பி போட்ட காக்கி உருவம். அவ்வளவுதான். கொஞ்ச நேரத்தில் ஆண்கள் எல்லோரும் வாய்க்காலைத் தாண்டி மூங்கில் கொல்லைக்குள் பதுங்கிவிட்டார்கள். பெண்கள் படலைச் சாத்திக்கொண்டார்கள். நான் ஒருவன்தான் ஊர் இன்றைக்கு என்ன இவ்வளவு அமைதியாக இருக்கிறது என்று ரசித்துக்கொண்டு நின்றேன்.

பண்ணையாரின் காரியக்காரர் அந்த வழியாக வந்து பனிக்குள் காக்கியை மட்டும் பார்த்திருக்கிறார். முந்தின வாரம்தான் பண்ணையார் போலீஸ் பந்தோபஸ்து கேட்டு மனுக் கொடுத்திருந்தாராம். கேட்டது வந்துவிட்டது என்று ஓடிப்போய்ச் சொல்லிவிட்டார். பண்ணை வீட்டிலிருந்து புதிதாக வேலைக்கு வந்த ஓர் ஆள் தூக்குவாளியில் காப்பியும் வாழை இலையில் பொதிந்த இட்டிலியும் கொண்டுவந்து, என் முகத்தைக்கூடப் பார்க்காமல், "பண்ணை வீட்டுலேந்து குடுத்துவிட்டாங்க" என்று வைத்துவிட்டுப் போனார்.

எவனுக்காவது சந்தேகம் வர வேண்டாமா? எங்கள் தெருவில் யாருக்கும் பண்ணை வீட்டிலிருந்து இலையில் இட்டிலி வந்த சரித்திரம் கிடையாது. எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. ‘கல்விக்குக் கிடைத்த மரியாதை, காலம் மாறிவிட்டது’ என்று நெஞ்சு நிமிர்ந்தது. மேடையில் பேச இரண்டு வாக்கியம்கூட மனத்தில் ஓடியது. சம்மணம் போட்டு உட்கார்ந்து சாப்பிட்டேன். மல்லித் துவையல் பிரமாதம். தூக்குவாளியும் இலையுமாக அந்த ஆள் மூங்கில் கொல்லையை ஒட்டி நடந்துபோனதைத் தெரு முழுவதும் உள்ளேயிருந்து பார்த்திருக்கிறது. போலீஸுக்குப் பண்ணை இட்டிலி போடுகிறது. அப்படியானால் நேற்றுக் கொடுத்த வாக்கு வெறும் தந்திரம், எல்லோரையும் ஒரே இடத்தில் கூட்டி அள்ளத்தான் என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

பக்கத்து ஊர்க்காரர்களோடு வந்துகொண்டிருந்த அப்பாவை வரப்பிலேயே மறித்திருக்கிறார்கள். "ஒன் பேச்ச நம்பித்தானே களத்துக்கு வர்றதா இருந்தோம்" என்று ஒருவர் கேட்டாராம். அப்பா எல்லோரையும் அங்கேயே நிற்கச் சொல்லிவிட்டுத் தனியாகக் களத்துக்கு நடந்திருக்கிறார்.

பனிக்குள்ளிருந்து ஓர் உருவம் வருவதைப் பார்த்தேன். நடையிலேயே அப்பா என்று தெரிந்துவிட்டது. வாய் நிறைய இட்டிலி இருந்ததால் கூப்பிட முடியவில்லை. எங்கள் அப்பா தோளில் துண்டு போட்டு நடப்பவர். அவருடைய அப்பா காலத்தில் பண்ணையாரைக் கண்டால் துண்டை இறக்கி இடுப்பில் கட்ட வேண்டும். அது ஒழிந்து வெகுநாளாயிற்று. அதை ஒழித்தவர்களில் அவரும் ஒருவர். அந்தத் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, தலையைக் குனிந்து, இரண்டு கையையும் கும்பிட்டபடி வந்தார்.

"ஐயா, எங்க சனங்க ஒரு தப்பும் பண்ணல. பேசி முடிக்கத்தான் கூடுறோம். கூப்பிட்டது நாந்தான். என்னைக் கூட்டிட்டுப் போங்க, அவங்கள விட்டுருங்க."

அப்பா என்னைத்தான் ‘ஐயா’ என்றார். நான் எழுந்து நின்றேன். வாயில் இருந்ததை எப்படியோ விழுங்கிவிட்டு, "அப்பா, நனைஞ்சுபோச்சு, காயவைக்கிறேன்" என்றேன். இத்தனை அடுக்குமொழி படித்தவனுக்கு அந்த நேரம் வந்தது அவ்வளவுதான்.

நிமிர்ந்து பார்த்தார். என்னை, கூடாரத்தை, இலையை. அவர் ஓங்கி ஓர் அறை விட்டிருந்தால் இன்றைக்கு எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும். "இட்டிலி யாரு குடுத்தா?" என்று மட்டும் கேட்டார். சொன்னேன். அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. துண்டை அவிழ்த்து உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"போ. போய் நம்மாளுவள வரச் சொல்லு."

ஓடினேன். காக்கி உடுப்பைக் கழற்ற வேண்டும் என்று தோன்றவில்லை. நான் வருவதைப் பார்த்ததும் மூங்கில் கொல்லை காலியாயிற்று. "நாந்தான், நாந்தான்" என்று கத்திக்கொண்டு நான் துரத்த, சொந்தப் பெரியப்பா எனக்குப் பயந்து வாய்க்காலில் குதித்தார். அவரைக் கையைப் பிடித்துக் கரையேற்றிய பிறகுதான் என் முகத்தைப் பார்த்தார். அப்போது அவர் சொன்னதை எழுத முடியாது.

நாங்கள் திரும்பிவருவதற்குள் பண்ணையார் காரில் வந்துவிட்டார். போலீஸைக் காணோம், அப்பாவும் ஒரு நனைந்த கித்தானும்தான் நிற்கிறார்கள்.

"யாருது இது?"

"எம் மவனுதுங்க. காலேஜுல குடுத்தது. ஈரமாயிருச்சு, காயப்போட்டுருக்கான்" என்றார் அப்பா.

காரியக்காரர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு தூக்குவாளியை எடுத்துக் காரில் வைத்தார். விஷயம் அதோடு முடிந்திருக்கலாம். ஆனால் அதற்குள் பண்ணையார் சுற்றுப்பட்டு மிராசுதார்களுக்கெல்லாம் ஆள் விட்டு, ‘போலீஸ் வந்தாச்சு, யாரும் இறங்கிப் போகவேண்டாம்’ என்று சொல்லி அனுப்பிவிட்டாராம். ஒரு பையனின் கூடாரத்துக்கு இட்டிலி அனுப்பியவர் என்ற பெயரோடு இனி அரைப்படியும் கொடுத்தால் ஊர் சிரிக்கும்.

"நேத்துச் சொன்னது நேத்தோட போச்சு" என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டார்.

அப்பா காருக்குப் பின்னால் கொஞ்சதூரம் பேசிக்கொண்டே நடந்தார். கார் நிற்கவில்லை.

பிறகு அறுப்பு நடந்தது, மணி உதிர்ந்து பாதி வயலிலேயே கொட்டிய பிறகு. கேட்ட அரைப்படி கால்படியாயிற்று. அளக்க நெல்லே குறைந்துபோனதால் அந்தக் கால்படிக்கும் அர்த்தமில்லாமல் போயிற்று. அந்த வருஷம் பல வீடுகளில் பங்குனிக்கு முன்பே பானை காலி. எங்கள் வீட்டிலும்தான். அப்பாவை யாரும் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. ஆனால் அடுத்த அறுவடைக்குப் பேசப் போக வேறு ஆளைச் சொன்னார்கள். அப்பாவும் சரி என்றார். 

கூடாரத்தின் கதையையும் கேளுங்கள். வெட்கத்தில் அதைக் காயும்வரை நிறுத்தி வைக்கவில்லை. மேல்பக்கம் ஒருமாதிரி உலர்ந்திருந்தது, உள்பக்கம் ஈரம். முளைகளைப் பிடுங்கி, மண்ணைக்கூடத் தட்டாமல் சுருட்டி, முழங்காலால் அழுத்திப் பைக்குள் திணித்துத் திங்கட்கிழமை கொடுத்துவிட்டேன். மறுவருஷ முகாமில் பிரித்தபோது பூஞ்சை கறுப்புக் கறுப்பாகப் பூத்திருந்தது. கிடங்கு எலி உள்ளே குடும்பம் நடத்தியிருந்தது. விரிவுரையாளர் மூக்கைப் பொத்திக்கொண்டு பையின் மேல் எழுதியிருந்த என் பெயரைப் படித்தார். எதைக் காப்பாற்றுவதற்காக ஊரையே கெடுத்தேனோ அந்தச் சர்ட்டிபிகேட்டும் வரவில்லை.

எங்கள் குடும்பத்தில் இன்றைக்கும் கல்யாணம், காதுகுத்து என்று கூடினால் இந்தக் கதை வராமல் இலை போட மாட்டார்கள். பெரியப்பா மகன்தான் ஆரம்பிப்பான். பஸ் கண்டக்டர், மூங்கில் கொல்லை, வாய்க்காலில் விழுந்த பெரியப்பா என்று நடித்தே காட்டுவான். என் இலையில் இட்டிலி விழுந்தால், "பாத்து, பண்ணை வீட்டுலேந்து வந்திருக்கும்" என்று யாராவது சொல்வார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். அப்பா களத்துக்கு நடந்துவந்த இடம் மட்டும் கதையில் கிடையாது. பனியில் யாரும் அதைப் பார்க்கவில்லை. நானும் சொன்னதில்லை.

அப்பா இருந்த கடைசி வருஷம், ஒரு வளைகாப்பில் இதே கதை ஓடிக்கொண்டிருந்தது. என் மகள் திடீரென்று, "தாத்தா, நீங்க களத்துக்குப் போய் அப்பாவைப் பார்த்ததும் என்ன சொன்னீங்க?" என்று கேட்டாள். நான் இலையைப் பார்த்தபடி இருந்தேன்.

அப்பா மோர் ஊற்றிக்கொண்டே சொன்னார்.

"என்னத்தச் சொல்றது. சாப்புட்டியாடான்னு கேட்டேன். வாய் நெறைய இட்டிலிய வச்சுக்கிட்டு இல்லன்னு தலைய ஆட்டுறான்."

பந்தி முழுக்கச் சிரித்தது. இப்போது அந்த இடத்தையும் சேர்த்துத்தான் கதை சொல்கிறார்கள்.